முதல் நூறு பேர்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, ஒரு ரப்பர் ஆசாமியின் பெருங்குடலுக்குள் முப்பது சென்டிமீட்டர் தூரம் போய்விட்டு வந்தேன். பி.காம் படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மட்டும் படிக்காதீர்கள் :-)

நான் இப்போது இருக்கும் கிளை, லக்னோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கவுண்டருக்கு முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் வெள்ளைக் கோட்டு. மீதிப் பேர் கோண்டா, பஹ்ரைச், பல்ராம்பூர் என்று எங்கிருந்தோ ராத்திரி வண்டி பிடித்து வந்து, மரத்தடியில் துண்டு விரித்துப் படுத்து, காலையில் பணம் எடுக்க வரிசையில் நிற்கிற நோயாளி வீட்டுக்காரர்கள். இந்தக் கூட்டத்தில்தான் டாக்டர் தம்பி கிடைத்தார். தென்காசிப் பக்கம். எம்.டி. முடித்துவிட்டு இங்கே வயிறு, குடல் சம்பந்தமான டி.எம். படிக்கிறார், இரண்டாம் வருஷம். கேஒய்சி ஃபாரத்தில் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாரமே வீட்டுக்குக் கூப்பிட்டு தங்கமணி கையால் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். அதோடு ‘சார்’ போய் ‘அண்ணா’ வந்துவிட்டது.

அவர்தான் அன்றைக்கு, “பேங்க் லீவுதானே அண்ணா, எங்க ஸ்கில் லேபை வந்து பாருங்க” என்று கூட்டிப்போனார். ஏசி அறை. ஒரு மேஜை மேல் ரப்பரில் செய்த உடம்பு ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. பக்கத்தில் பெரிய திரை. கையில் கொடுத்தது எண்டோஸ்கோப்பிக் குழாய் போலவே இருக்கிற ஒரு கருவி. ரப்பர் உடம்புக்குள் அதைத் தள்ளினால், உள்ளே இருக்கும் சென்சார்கள் அது எங்கே இருக்கிறது, எப்படித் திரும்புகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. கம்ப்யூட்டர் அதற்கேற்ப குடலின் உட்புறத்தைத் திரையில் வரைகிறது. வளைவில் முட்டினால் கையில் கனம் தெரிகிறது. இதுதான் எண்டோஸ்கோப்பி சிமுலேட்டர். பைலட்டுகள் தரையில் உட்கார்ந்தபடி விமானம் ஓட்டிப் பழகுகிறார்களே, அதே சங்கதி.

முதலில் இதை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ரெண்டு நிமிஷத்தில் வியர்த்துவிட்டது. இடது கையில் பிடி. அதில் இரண்டு சக்கரங்கள். கட்டை விரலால் உருட்டினால் குழாயின் நுனி மேலே கீழே, இடது வலது என்று திரும்பும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் ஆளுக்கொரு பொத்தான். ஒன்று காற்றும் தண்ணீரும் விட, மற்றது உறிஞ்ச. வலது கை குழாயைத் தள்ளவும் இழுக்கவும் முறுக்கவும். கண் திரையை விட்டு நகரக்கூடாது. சற்று நேரத்தில் திரை முழுவதும் ஒரே சிவப்பு.

“சுவர்ல முட்டிக்கிட்டு நிக்கிறீங்க அண்ணா. வழி தெரியலைன்னா முன்னாடி போகவே கூடாது. பின்னாடி வாங்க.”

அதற்குள் ரப்பர் ஆசாமி இங்கிலீஷில் முனக ஆரம்பித்துவிட்டார். கடைசியில் மார்க் ஷீட் வேறு: எவ்வளவு நேரம், குடல் சுவரில் எத்தனை சதவீதம் பார்த்தாய், நோயாளி எவ்வளவு நேரம் வலியில் இருந்தார். என் மார்க்கை இங்கே போடுவதாக இல்லை.

இதில் என்ன கஷ்டம், குழாயைத் தள்ளினால் போகாதா என்று கேட்டேன். போகாது என்பதுதான் விஷயம். பெருங்குடல் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அது நேரான பைப் இல்லை. வளைந்து நெளிந்து, சில இடங்களில் வயிற்றுக்குள் தளர்வாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. வெறுமனே தள்ளினால் நுனி முன்னே போவதற்குப் பதிலாக, நடுவில் குழாய் வளையம் போட்டுக்கொண்டு குடலை இழுக்கும். நோயாளிக்கு உயிர் போகிற வலி அங்கேதான் வருகிறது. கைதேர்ந்தவர்கள் கொஞ்சம் போய், இழுத்து, முறுக்கி, வளையத்தைப் பிரித்துவிட்டு மறுபடி போவார்கள்.

தங்கமணியிடம் இதைச் சொன்னபோது ஒரே வரியில் முடித்துவிட்டாள்: “பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி.” அதேதான். ஊக்கைக் குத்தி, துணியைச் சுருக்கிச் சுருக்கிப் பின்னால் தள்ளிக்கொண்டே போகவேண்டும். ஒன்றரை மீட்டர் குடலின் கடைசி வரை போய்ச் சேர்ந்திருக்கும்போது, சரியாகச் செய்திருந்தால் உள்ளே இருக்கும் குழாய் எழுபது எண்பது சென்டிமீட்டர்தான் என்று தம்பி சொன்னார். மீதியெல்லாம் சுருக்கு. இது புத்தகம் படித்து வராது. கை பழகவேண்டும். கை பழக ஒரு உடம்பு வேண்டும்.

யாருடைய உடம்பு? இந்தத் துறையின் சரித்திரமே அந்தக் கேள்விதான்.

1868ல் ஜெர்மனியில் அடால்ஃப் குஸ்மால் என்ற டாக்டர், வாய் வழியாக நேரான குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்க முயன்றார். யாரிடம் முயன்றார் தெரியுமா? வாளை விழுங்கி வித்தை காட்டுகிற ஒருவரிடம். வேறு யார் அதை விழுங்குவார்கள்? அடுத்தது 1957. கண்ணாடி இழைகளால் ஆன, வளைகிற எண்டோஸ்கோப்பை அமெரிக்காவின் மிச்சிகனில் உருவாக்கிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ், அதை முதலில் தன் தொண்டைக்குள்தான் விட்டுக்கொண்டார். அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் நோயாளிக்கு. என்னைப் பொறுத்தவரை இந்த மனுஷனுக்கு ஒரு சல்யூட்.

ஆனால் வருகிற ஒவ்வொரு மாணவனும் தன் வயிற்றிலேயே பழகிக்கொள்ள முடியுமா? அதனால் வழக்கமான முறை வந்தது. பெரிய டாக்டர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார். பிறகு அவர் மேற்பார்வையில் ஒரு நோயாளிக்கு நீ செய். பெரியவர் நல்லவராக, பொறுமைசாலியாக இருந்தால் நோயாளி பிழைத்தார். அவருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தால், மாணவனும் பாவம், படுத்திருப்பவரும் பாவம்.

பொம்மை வைத்துப் பழகும் யோசனை 1970களிலேயே இருந்திருக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1974லேயே பிளாஸ்டிக் பொம்மை செய்திருக்கிறார்கள். அதே எர்லாங்கனில் 1997ல் இன்னொரு வகை வந்தது. கசாப்புக் கடையிலிருந்து பன்றியின் இரைப்பை, குடலை வாங்கி அச்சில் பொருத்தி, ரத்தக் குழாய்க்கு பம்ப் வைத்து, ரத்தம் பீச்சியடிப்பதை நிறுத்தப் பழகுவது. கம்ப்யூட்டர் சிமுலேட்டர்கள் சந்தைக்குப் பெரிதாக வந்தது 2000ஐ ஒட்டித்தான். அதில் பெயர் பெற்ற ஜிஐ மென்டார் என்ற மெஷினைச் செய்தது சிம்பியானிக்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனி. அதை 2014ல் ஒரு அமெரிக்கக் கம்பெனி வாங்கி, 2021ல் ஒரு ஸ்வீடன் கம்பெனிக்கு விற்றது. (பேங்க்காரன் புத்தி, கம்பெனி கைமாறிய கதையை விடமுடியவில்லை.) இந்தியாவில் 2019ல் வந்த புது எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தோடு ஸ்கில் லேபும் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கட்டாயமாகிவிட்டது. அங்கே பெரும்பாலும் ஊசி போட, மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கப் பழகும் பொம்மைகள். எண்டோஸ்கோப்பி சிமுலேட்டர் அதற்கெல்லாம் அடுத்த படி; விலை பல பத்து லட்சம்.

இவ்வளவு அக்கறையாக இதைத் தேடித் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா.

2016ல் நான் போபாலில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். அப்பா பழைய சோழன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராகச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். மலத்தில் ரத்தம் போகிறது என்பதை எங்களிடம் சொல்லவே அவருக்கு மூன்று மாதம் ஆனது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) கொலோனோஸ்கோப்பி எழுதினார்கள். முந்தின நாள் ராத்திரி முழுக்க உப்புத்தண்ணீர் மாதிரி ஒரு மருந்தைக் குடித்துவிட்டு, பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்து, காலையில் சோர்ந்துபோய் வந்தார். மயக்க மருந்து தரவில்லை. கையெழுத்து வாங்கினார்கள். ஒரு இளைஞர் வந்து கூட்டிக்கொண்டு போனார். அவர்தான் செய்யப்போகிறார் என்பதையோ, அவர் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்பதையோ யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

நான் கதவுக்கு வெளியே. பத்து நிமிஷத்தில் அப்பாவின் குரல் கேட்டது. “வலிக்குதுப்பா… அய்யோ, நிறுத்துப்பா, நிறுத்து.” என் அப்பா அப்படிக் கெஞ்சி நான் அதற்குமுன் கேட்டதில்லை. உள்ளே இருந்த ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அந்த இளைஞர் திரும்பத் திரும்ப, “பஸ் அங்கிள், பஸ், ஹோ கயா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலும் நடுங்கியது. கதவைத் தட்டினேன். அங்கே நின்ற வார்டு பாய் வழிவிடவில்லை. அவர் நிறுத்தச் சொல்கிறார் என்று இந்தியில் நான் கத்தியது உள்ளே போய்ச் சேர்ந்ததா தெரியாது. கொஞ்ச நேரத்தில் வயதான டாக்டர் ஒருவர் வேறு வாசல் வழியாக உள்ளே போவது தெரிந்தது. ரெண்டு மூன்று நிமிஷத்தில் சத்தம் அடங்கிவிட்டது. அதே குடல், அதே குழாய். கைதான் வேறு.

இரண்டு போலிப் இருந்தது. எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா முதலில் கேட்டது இதைத்தான்: “ஏன்டா, அந்தப் பையன் பஸ்ஸு பஸ்ஸுன்னு சொல்லிக்கிட்டே இருந்தானே. நான் பஸ் டிரைவர்னு அவனுக்கு யாருடா சொன்னது?” இந்தியில் ‘பஸ்’ என்றால் போதும் என்று அர்த்தம்ப்பா என்றேன். “போதும்னு நான்ல சொன்னேன்” என்றார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கமணி, சும்மா விடக்கூடாது, எழுதிக் கொடுங்கள் என்று குதித்தாள். அப்பா மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே நிதானமாகச் சொன்னார்: “அந்தப் பையன் மேல ஒண்ணும் எழுதாத. கத்துக்குட்டி எப்பவாவது கத்துக்கத்தானே வேணும்? ஆனா எங்க டிப்போவுல புது ஆளை, ஜனங்க உக்காந்திருக்கிற வண்டியில முதல் நாளே ஏத்தமாட்டோம். காலி வண்டியை எடுத்துக்கிட்டுச் சுத்திச் சுத்தி வரணும். அப்புறம் லைன்ல போறப்ப பழைய டிரைவர் ஒருத்தர் கூடவே நிப்பாரு. இவங்ககிட்ட காலி வண்டி இல்ல போலருக்கு.”

காலி வண்டி. பத்து வருஷமாக இந்த வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் தொழிலிலும் காலி வண்டி உண்டு. கோர் பேங்கிங் வந்த காலத்தில் பயிற்சிக் கல்லூரியில் தனி சர்வர் வைத்திருந்தார்கள். அதில் இல்லாத ஆட்களுக்குக் கணக்கு திறந்து, கோடிக்கணக்கில் இல்லாத பணத்தை அங்கிருந்து இங்கே மாற்றிப் பழகினோம். கிளைக்கு வந்து கேஷில் உட்கார்ந்தால், சாயங்காலம் கணக்கில் குறைகிற பணத்தை உட்கார்ந்தவர்தான் கைக்காசு போட்டுச் சரிக்கட்டவேண்டும். அதாவது, கற்றுக்கொள்கிறவன் தடுமாறினால் அதற்கு அவனே காசு கட்டுகிற தொழில் எங்களுடையது. டாக்டர் தொழிலில் கற்றுக்கொள்கிறவரின் தடுமாற்றத்துக்கு விலை கொடுப்பது படுத்திருப்பவர். பெரும்பாலும் வலி, மிக அபூர்வமாகக் குடலில் ஓட்டை. ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கும் கீழோதான் அது நடக்கிறது. ஆனால் நடந்தால் ஆபரேஷன் வரை போகலாம்.

இனிமேல் கணக்கு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிமுலேட்டரில் பழகினால் நிஜமாகவே பலன் உண்டா என்று அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடத்தி 2006ல் வெளியிட்டார்கள். முதல் வருஷப் பயிற்சி டாக்டர்கள் 45 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் சிமுலேட்டரில் பத்து மணி நேரம். அடுத்து இரண்டு குழுவும் நிஜ நோயாளிகளுக்குச் செய்யும்போது, மேற்பார்வை டாக்டர்கள் ஒவ்வொரு கேஸுக்கும் மதிப்பெண் போட்டார்கள். முடிவு என்ன? முதல் நூறு கேஸ் வரை சிமுலேட்டர் குழு முன்னால் நின்றது. அதற்குப் பிறகு வித்தியாசம் மறைந்துவிட்டது. தேர்ந்துவிட்டார் என்று சொல்ல அவர்கள் வைத்திருந்த கோட்டைத் தொட, இரண்டு குழுவுக்குமே சுமார் 160 கேஸ் தேவைப்பட்டது.

இதை ஒரு கடன் விண்ணப்பமாக என் மேஜைக்குக் கொண்டுவந்தால் என்ன எழுதுவேன்? பல பத்து லட்சம் போட்டு மெஷின் வாங்குகிறீர்கள். மெஷினில் பழகியவருக்கும் பழகாதவருக்கும் 160தான். கடைசியில் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். வருமானம் எங்கே? நிராகரிக்கப்பட்டது, கையெழுத்து, முத்திரை.

ஆனால் வருமானம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். டாக்டரின் கணக்கில் வரவு இல்லைதான். வரவு முழுக்க அந்த முதல் நூறு பேரின் வயிற்றில் இருக்கிறது. பதினோராவதாகப் படுத்த ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக வலித்தது. முப்பதாவது ஆளிடம் ஸ்கோப்பைப் பாதியில் கைமாற்றத் தேவை வரவில்லை. ஒரு துறையில் வருஷத்துக்கு நாலு பேர் புதிதாகச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நூறு, நானூறு பேர். பத்து வருஷத்தில் நாலாயிரம். எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் இவர்கள் பெயர் வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நூறு பேர் யார்? நீங்களும் நானும் பெரும்பாலும் இல்லை. நமக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. பெரிய டாக்டர் பெயரைச் சொல்லி அப்பாயின்ட்மென்ட் வாங்குகிறோம். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பார்க்கிற போதனா ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் அந்த நூறு பேர். என் கிளைக்கு வெளியே மரத்தடியில் படுத்திருப்பவர்கள். ‘நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க டாக்டர்’ என்று கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய பொறுமையில் கற்றுக்கொண்ட கையைத்தான் பிற்பாடு நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

சரி, எல்லா ஆஸ்பத்திரியிலும் மெஷின் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? இல்லை. 2004ல் லண்டனிலிருந்து வந்த ஒரு ஆய்வு, தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டது. கொலோனோஸ்கோப்பி சிமுலேட்டரில் பழகவிட்டு, ‘நீ இங்கே சரி, இங்கே தப்பு’ என்று எதுவுமே சொல்லாமல் விட்டார்கள். யாரும் தேறவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் கற்றலும் இல்லை என்பதுதான் தலைப்பின் சாரம். 2018ல் காக்ரேன் அமைப்பு 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னதும் நிதானமான முடிவுதான்: ஆரம்ப கட்டத்தில் சிமுலேட்டர் துணையாக உதவும். வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக அதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஆதாரம் போதாது.

டாக்டர் தம்பியின் அனுபவமும் இதுதான். “மெஷின் மார்க் போடும் அண்ணா. ஏன் குறைஞ்சதுன்னு சொல்லாது. எங்க மேடம் ஒருத்தங்க வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் வந்து பின்னாடி நிப்பாங்க. ‘தோளை இறக்கு. வலது கையை ஏன் இறுக்கிப் பிடிக்கிற? வளையம் போட்டிருக்கு, இழு’ன்னு சொல்லுவாங்க. அந்த ஒரு மணி நேரம்தான் நிஜமான பாடம்.”

கடன் கொடுத்த இடங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போகிறவன் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. மெஷின் வாங்குவதற்குப் பணம் எப்படியாவது கிடைத்துவிடும். ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம், சுவரில் கல்வெட்டு பதிக்கலாம். அந்த மேடத்தின் வாரம் ஒரு மணி நேரத்துக்குத்தான் பட்ஜெட்டில் தலைப்பே கிடையாது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கண்ணாடி அறைக்குள் பூட்டி வைத்த எத்தனையோ சாதனங்களை நம்பர் சரிபார்த்து டிக் போட்டிருக்கிறேன். டிப்போவில் காலி வண்டி நின்றால் மட்டும் போதாது, சொல்லிக்கொடுக்கப் பழைய டிரைவரும் வேண்டும்.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

அம்மா போனபிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். 2021ல் தஞ்சாவூரில் இரண்டாவது முறை பார்த்ததில் ஒன்றுமில்லை. ஐந்து வருஷம் கழித்து மறுபடி பாருங்கள் என்றிருந்தார்கள். அந்தக் கெடு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த டாக்டர் தம்பி, தயங்கித் தயங்கி, “அண்ணா, அப்பாவுக்கு நானே பண்ணட்டுமா? பெரிய டாக்டர் கூடவே இருப்பார்” என்று கேட்டார். தங்கமணி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்கும் போபால் கதவு ஞாபகம் வந்தது. வாயெடுக்குமுன் அப்பாவே முந்திக்கொண்டார்.

“தம்பி, நீ காலி வண்டி ஓட்டியிருக்கியா?”

தம்பிக்குப் புரியவில்லை. கதையைச் சொன்னேன். சிரிக்காமல், வைவாவில் பதில் சொல்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: “இருபது மணி நேரம் ஓட்டியிருக்கேன்ப்பா. அதுக்கப்புறம் ஆள் ஏத்தி நூத்தித் தொண்ணூறு ட்ரிப். எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.”

“பழைய டிரைவர் பக்கத்துல நிப்பாரா, டீ குடிக்கப் போயிடுவாரா?”

“பின்னாடியே நிப்பார். விசில் அடிச்சா நிறுத்திடுவேன்.”

“நான் நிறுத்துன்னா?”

தம்பி ஒரு நொடி சும்மா இருந்தார். “நீங்க சொன்னா உடனே நிறுத்திடுவேன்ப்பா. அவரைக் கேக்கமாட்டேன்.”

அப்பா என்னைப் பார்த்து, “தேதி வாங்குடா” என்றார்.

ஒரு வியாழக்கிழமை நடந்தது. லேசான மயக்கத்துக்கு ஊசி போட்டார்கள். பெரிய டாக்டர் முதலிலிருந்து கடைசிவரை நகரவில்லை. சின்னதாக ஒரு போலிப், எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே தமிழிலேயே பேச்சுவார்த்தை நடந்ததாகவும், “ஒரு வளைவு வருதுப்பா, மூச்சை இழுத்து விடுங்க” என்றதற்கு “வளைவுல ஹாரன் அடி” என்று பதில் வந்ததாகவும் தம்பி சொன்னார். அப்பாவுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனாலும் சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார்: “பையன் அவசரப்படற ஆள் இல்ல. லைனுக்கு அனுப்பலாம்.”

எங்களுக்கு இது எப்படி அமைந்தது? ஒரு தமிழ்ப் பையன் கிடைத்தான். எனக்குக் கேட்கத் தெரிந்தது. அந்தத் துறையில் சொல்லிக்கொடுக்க ஒரு மேடம் இருந்தார். மூன்றுமே அதிர்ஷ்டம். பஹ்ரைச்சிலிருந்து வருகிற அப்பாவுக்கும் அதே காலி வண்டியும் அதே பழைய டிரைவரும் கிடைக்கவேண்டும் என்றால், அது அதிர்ஷ்டத்தில் வராது. சிமுலேட்டரில் இத்தனை மணி நேரம், ஆசிரியர் பக்கத்தில் நின்று, இந்த மதிப்பெண் வந்தபிறகுதான் முதல் நோயாளி என்று சட்டமாக எழுதினால்தான் வரும்.

அதுவரை, வெளியூரில் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, எனக்குத் தெரிந்த நாலு விஷயம்.

யார் செய்யப்போகிறார் என்று கேளுங்கள். பயிற்சி டாக்டர் என்றால் பதறவேண்டாம். பெரிய டாக்டர் அறையில் இருப்பாரா என்று கேளுங்கள். இதுவரை எத்தனை செய்திருக்கிறார், பொம்மையில் பழகியிருக்கிறாரா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை. மயக்க மருந்து தருவார்களா, அப்பாவின் வயதுக்கும் இதயத்துக்கும் அது சரிப்படுமா என்பதை முந்தின நாளே பேசிவிடுங்கள்.

நாலாவது, காசு செலவில்லாதது. இந்தி தெரியாத பெரியவர்களுக்கு இரண்டே வார்த்தை சொல்லிக்கொடுங்கள். ‘தர்த்’ என்றால் வலி. ‘ருக்கோ’ என்றால் நிறுத்து. ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னால் பதற்றத்தில் மறந்துபோகும். வீட்டிலேயே ரெண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள். கூடவே, ‘பஸ்’ என்று யாராவது சொன்னால் அது நம் பஸ் இல்லை என்பதையும்.